வாய் திறக்காத பிள்ளையும் வாய் மூடாத அப்பாவும்

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீயும் மாமாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் அப்படி இல்லை. காரணம், நீ சிபாரிசு செய்த பள்ளிக்கூடம்.

என் மகள், அதாவது உன் மருமகள், வீட்டில் வாயாடி, வாசல் தாண்டினால் வாயே திறக்கமாட்டாள் என்பது உனக்குத் தெரியும். பழைய பள்ளியில் அவளைக் கடைசி பெஞ்சில் போட்டுவிட்டு, வேறு இடம் பாருங்கள் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். உன் பேச்சைக் கேட்டு இங்கே சேர்த்தேன். இங்கே மணி கிடையாது, பெஞ்சு கிடையாது, ரேங்க் கிடையாது. பேசாத பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை, ஓட ஆரம்பித்தால் நிற்காத பிள்ளை எல்லாம் ஒரே கூடத்தில். யார் என்ன வகுப்பு என்று கேட்டால் டீச்சர் சிரிக்கிறார். போதாக்குறைக்குத் தொடக்கத்தில் பெற்றவர்களில் ஒருவர் கூடவே உட்கார வேண்டுமாம். அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட், ஆகவே ஆபீசுக்கு லீவு போட்டு நான் போனேன். பாயில் சம்மணம் போட்டுக் கால் மரத்து நான் நெளிவதைப் பார்த்து, பாயில் இருந்த ஒரு சிறுமி தன் சக்கர நாற்காலியை எனக்கு இரவல் கொடுத்தாள். உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, வழியில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். இவள் முறை வந்ததும் டீச்சர் காத்திருக்கிறார். காத்துக்கொண்டே இருக்கிறார். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை, அவசரமெல்லாம் எனக்குத்தான். பொறுக்க முடியாமல், பூனை பார்த்தாள் என்று நானே சொல்லிவிட்டேன். மறுநாள் லாரி பார்த்தாள். அதற்கடுத்த நாள் அவள் ஒரு படம் வரைந்து நீட்டினாள், அதற்கும் நானே விளக்கம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் அக்கா, உன் பார்வை அப்படியே.

டீச்சர் மெதுவாகச் சொன்னார், "சார், நான் அவகிட்டதான் கேட்டேன். நேரம் எடுத்துக்கட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது சார்."

இது ஒரு பதிலா? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாம் இல்லாத இடத்தில் அவளுக்காக யார் பேசுவார்கள்? அந்தத் தலைமையாசிரியர் மாமாவோடு படித்தவர்தானே, அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஒரு வார்த்தை சொல்லிவை. கடைசி பெஞ்சானாலும் பெஞ்சு.

மாமாவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசிகளும்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட தம்பி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். இன்று ஆபீசில் அவசர வேலை, பள்ளிக்குப் போகவில்லை. மாலையில் டீச்சர் போன் செய்தார். உன் மருமகள் வட்டத்தில் எல்லோர் முன்னாலும் தெளிவாகப் பேசினாளாம். என்ன பேசினாள் என்று கேட்டேன்.

"'எங்க அப்பா நாளைக்கும் வர வேணாம்'னு சொன்னா சார்."

தலைமையாசிரியரிடம் ஒன்றும் பேசாதே. நாளைப் பகல் முழுக்க ஆபீஸ் நாற்காலியில் நான் எப்படி உட்கார்ந்திருக்கப்போகிறேன் என்றுதான் தெரியவில்லை.