தங்கச்சி முறை

ஜனத்துக்குள்ளேயே கல்யாணம் முடிக்க வேண்டும் என்பது பிள்ளையார்பாளையம் சாதிச் சங்கத்தின் அசைக்க முடியாத கொள்கை. ஊரெல்லாம் 'வேவ்லெங்த்' என்று பேச ஆரம்பித்ததும் கொள்கையைக் கொஞ்சம் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. 'மணமக்கள் ஒத்த மனத்தினராகவும் இருத்தல் நலம்' என்று தீர்மானம் எழுதிக் கைதட்டல் வாங்கியவர் செயலாளர் மயில்வாகனம். தறி நெய்கிற மனுஷர். ஒரு வாக்கியம் அழகாக விழுந்துவிட்டால் நாலு நாள் பூரித்துப்போவார்.

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மகள் காயத்ரி, ஐயம்பேட்டை விவசாயி மகன் அருளைச் சங்கத்துக்கே அழைத்துவந்து நிறுத்தினாள். மயில்வாகனத்துக்கு இரண்டு கவலை. பெண்ணின் ஆசையும் நிறைவேற வேண்டும், பதவியும் நிலைக்க வேண்டும்.

தலைவர் பரமசிவம் தலைமையில் அங்கேயே 'மன ஒப்புமை ஆய்வுக் குழு' அமைந்தது. இருவரையும் தனித்தனியே விசாரித்தார்கள். ஒரே ஆடிட்டர் ஆபீசில் வேலை. இருவருக்கும் இட்லியில் மிளகு கடிபட வேண்டும். இருவரும் வரதராஜர் கோயிலுக்குப் போவார்கள், ஆனால் தங்கப் பல்லியைத் தொட மாட்டார்கள். பயம். காயத்ரிக்குச் சங்கம் பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளை தினேஷோ, தறி என்றால் என்ன என்று வீடியோ காலில் கேட்டவன்.

பரமசிவம் தொண்டையைச் செருமினார்.

"இவ்ளோ ஒத்துப்போறது ஒரே வீட்டுப் புள்ளைங்களுக்குத்தான்பா. ஆகவே, இவங்க அண்ணன் தங்கச்சி முறை. கட்டிக்கக் கூடாது."

"இன்னாங்க இது அநியாயம்?" என்றாள் காயத்ரி.

"அநியாயம் இல்லம்மா, முறை. ஏதாச்சும் ஒரு வித்தியாசம் காட்டு, மாத்திடலாம்."

காயத்ரி நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அருளும் நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தான். அதுவும் குழுவின் கண்ணில் பட்டுவிட்டது.

"இருக்குதுங்க," என்றாள் கடைசியில். "அவரு வேற ஜனம்."

குழு குசுகுசுத்தது. "அப்டின்னா அண்ணன் தங்கச்சி இல்ல. கட்டிக்கிற முறை உண்டு," என்றார் பரமசிவம்.

மயில்வாகனத்துக்கு உயிர் வந்தது. "அப்ப கட்டிக் குடுக்கலாமா தலைவரே?"

"அது எப்டிபா? வேற ஜனம் ஆச்சே!"

கூட்டம் கலைந்தது. காயத்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பார்க்கவே மயில்வாகனத்துக்குப் பொறுக்கவில்லை.

பரமசிவம் அருளின் தோளில் கைபோட்டு வாசல் ஓரமாக ஒதுக்கினார். அவர் மகன் ஜெயக்குமாருக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. தறிக்காரனுக்கு ஜனத்துக்குள் யாரும் பெண் தருவதாயில்லை.

"தம்பி, உனக்குத் தங்கச்சி இருக்குதா? ஜனமெல்லாம் நாங்க பாக்க மாட்டோம்."

"ஒருத்தி இருந்தா. கொஞ்சம் முன்னாடி நீங்கதான் குடுத்தீங்க, நீங்களே எடுத்துக்கினீங்க."

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மயில்வாகனம் இதையெல்லாம் கேட்டார். சங்கத்துச் சாவியை எடுத்துத் தலைவர் கையில் வைத்தார்.

"வாங்க மாப்ள, வீட்டுக்குப் போலாம். உங்க ஜனத்துல இன்னா சொல்றாங்க?"

அருள் தலையைச் சொறிந்தான்.

"எங்க சங்கத்துல நேத்தே விசாரிச்சு, கூடாதுன்னுட்டாங்க மாமா. வெளிய வந்ததும், காயத்ரிக்குத் தங்கச்சி இருக்குதான்னு எங்க தலைவரும் கேட்டாரு."