வீட்டிலிருந்து சம்பாதிக்கத் தங்கைக்குச் சில யோசனைகள்

செந்தூல்,
புதன்கிழமை, மதிய இடைவேளை.

அன்புத் தங்கை ஜோசஃபினுக்கு,

அண்ணன் கிரிகரி எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் உன் அண்ணி மார்க்கிரட்டும் சுகம். எங்கள் கட்டடத்தின் லிஃப்டுக்கு மட்டும் சுகமில்லை. பந்திங்கில் நீயும் மாப்பிள்ளை ஜோனத்தனும் பிள்ளைகளும் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் பூசையில் வேண்டிக்கொள்கிறோம்.

நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. "அண்ணே, எங்க ஃபேக்டரிய மூடிட்டாங்க. இந்த வயசுல நான் வேற எங்க போயி வேலை தேடுறது? நீங்க வீட்ல இருந்தே சம்பாதிக்கிறீங்களே, எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்க லா" என்று கேட்டிருந்தாய். இது வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. பேசி அனுப்பலாம் என்றால், நாள் முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிடுகிறது. ஆகவே தாளில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

கிள்ளானில் நான் முப்பது வருஷம் வேலை பார்த்த ஷிப்பிங் ஆபீசை மூடியது உனக்குத் தெரியும். அதன் பிறகு எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். அந்த எட்டு மாதத்தில் கைப்பேசியில் எத்தனையோ விளம்பரங்கள் பார்த்தேன். வீட்டிலிருந்தபடியே முதலாளி ஆகலாம் என்று ஒருவன் அழைத்தான். பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்ட வேண்டுமாம். நான் கட்டத் தயாராகிவிட்டேன். மார்க்கிரட்தான் எட்டிப் பார்த்து, "வேலை குடுக்கிறவன் நமக்குக் காசு குடுப்பானா, நம்மகிட்ட கேப்பானா?" என்றாள். இதை என் முதல் யோசனையாக எழுதிக்கொள். வேலை கொடுக்க உன்னிடமே பணம் கேட்கிறவன் யாராக இருந்தாலும் ஃபோனை வைத்துவிடு.

பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. வீடுகளுக்குத் தண்ணீர் ஃபில்டர் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனி. ஃபில்டர் ஒழுகினாலும் தண்ணீர் சூடாகாவிட்டாலும் ஜனங்கள் கூப்பிடுவார்கள்; தமிழில் பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரும் காதில் மாட்டும் கருவியும் அவர்களே அனுப்பினார்கள். கிரிகரி என்றால் வாடிக்கையாளர்களுக்கு வாயில் நுழையவில்லை என்று எனக்கு ராஜன் என்று வேலைப் பெயரும் கொடுத்தார்கள். சுபாங் ஜெயாவில் இருக்கும் வனேசா என்ற பெண் எனக்கு மேலதிகாரி. நம் வீட்டுப் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும், ஆனால் கண்டிப்பானவள். "அங்கிள், ஒரே ஒரு ரூல்தான். வீட்டுச் சத்தம் லைன்ல கேட்கக் கூடாது. மூணு வார்னிங், அப்புறம் நான் ஒன்னும் செய்ய முடியாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

நான் முறையாகவே ஆரம்பித்தேன். முழுக்கைச் சட்டை போட்டேன். வீட்டுக்குள்ளேயே ஷூ போட்டேன். சாப்பாட்டு மேசைக்குத்தான் இன்டர்நெட் ஒழுங்காக வந்தது என்பதால் அதில் இருந்த உன் அண்ணியின் தையல் மெஷினைத் தூக்கிப் படுக்கை அறையில் வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்தேன். வாசல் கதவில் "அலுவலகம். அமைதி காக்கவும்" என்று எழுதி ஒட்டினேன். மூன்றாம் நாள் ரவாங்கிலிருந்து ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தபோது கீழே ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து ஹாரனை விடாமல் அமுக்கினார். நான் ஜன்னலில் தலையை நீட்டி, "ஓய் பாஸ், டியாம் லா! கொஞ்சம் வாயை மூடு!" என்று கத்தினேன். மைக் என் வாய்க்கு நேரே இருந்ததை மறந்துவிட்டேன். ரொட்டிக்காரர் ஹாரனை நிறுத்தவில்லை. ரவாங் பெண்தான் வாயை மூடிக்கொண்டாள், பிறகு அழுதாள், பிறகு புகார் கொடுத்தாள். முதல் வார்னிங்.

இரண்டாவது, கிள்ளானிலிருந்து பேசிய ஒரு பெரியவர். ஃபில்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தி, "தம்பி, உங்க பக்கம் என்ன, துப்பாக்கிச் சண்டையா நடக்குது? நீங்க மொதல்ல பத்திரமா போங்க, நான் நாளைக்குப் பேசுறேன்" என்றார். படுக்கை அறையில் மார்க்கிரட் ஒரு கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அன்று மாலையே இரண்டாம் வார்னிங் வந்தது. நான் உன் அண்ணியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "மார்க்கிரட், இந்தத் தையலைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையேன். இப்பதான் நான் வேலை செய்றேன்ல" என்றேன். அவள் கையிலிருந்த ரவிக்கையை மடித்து வைத்தாள். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து வீடு கோவில் போல அமைதியாகிவிட்டது. காலையில் சமையலை முடித்து, என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, பாசார் பையோடு "உஷா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவாள். உஷாராணி என்பவர் இரண்டாம் மாடியில் இருக்கிறார். நாங்கள் ஐந்தாம் மாடி. சும்மா இருந்தால் அவளுக்கும் பொழுது போக வேண்டுமே, போய்ப் பேசிவிட்டு வரட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். நடுவில் இரண்டு மூன்று பெண்கள் கதவைத் தட்டி, "அங்கிள், ஆன்டி இருக்காங்களா? பிளவுஸ் ரெடியா?" என்று கேட்டார்கள். நான் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டிக் கதவைச் சாத்தினேன். ஐந்து வாரம் இப்படிப் போனது. ஒரு வார்னிங்கும் இல்லை. வனேசாகூட, "குட் ஜாப், அங்கிள்" என்றாள். வீட்டை எப்படி நிர்வாகம் செய்ய வேண்டும் என்பதற்கு நானே ஒரு உதாரணம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நீ கேட்டாய், ஆகவே மறைக்கக் கூடாது.

ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு அழைப்பு. பெண் குரல், ஃபில்டரின் சுடுதண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்றது. கணக்கு எண்ணைத் தட்டியதும் திரையில் முகவரி வந்தது: எங்கள் கட்டடம், இரண்டாம் மாடி, உஷாராணி. அடையாளம் காட்டிக்கொள்வது முறை இல்லை என்று, வேலைக்கென்றே வைத்திருக்கும் கனத்த குரலில் தொடர்ந்தேன். மஞ்சள் விளக்கு எரிகிறதா, தொட்டி நிறைந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டேன். அப்போது லைனில் டர்ர்ர் என்று ஒரு சத்தம். "அம்மா, ஏதோ சத்தம் கேக்குதே, அது ஃபில்டர்ல இருந்து வருதுங்களா?" என்றேன்.

"ஐயோ, இல்ல அண்ணே. அது தையல் மெஷினு. மேல் வீட்டு மார்க்கிரட் அக்கா இங்கதான் வந்து தைக்கிறாங்க" என்றார் உஷாராணி. சிலருக்கு ஃபோனில் முகம் தெரியாதவரிடம் மனம் திறந்துவிடும். அவர் நிறுத்தவில்லை. "அவங்க வீட்டுக்காரருக்கு இப்பதான் ஒரு வேலை கெடச்சிருக்கு. வீட்டையே ஆபீஸ் ஆக்கிட்டாராம். தைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாராம். நீங்களே சொல்லுங்க அண்ணே, இருவத்திரண்டு வருஷமா இந்த மெஷினுதான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டிருக்கு. அவரு பழைய ஆபீஸ்ல சம்பளம் இழுத்தடிச்ச காலத்துல, ரெண்டு பிள்ளைங்களையும் படிக்க வெச்சது யாரு? நானும் அக்காவும்தான் மெஷினைத் தூக்கிட்டு வந்தோம். அவரு ஃபோன்ல பேசிக்கிட்டிருந்தப்ப, அவரு முதுகுக்குப் பின்னாடியேதான் தூக்கிட்டுப் போனோம், அண்ணே. திரும்பிக்கூடப் பாக்கல."

எட்டிப் படுக்கை அறையைப் பார்த்தேன், ஜோசஃபின். ஐந்து வாரமாகப் படுக்கை அறையில் மெஷின் இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. அப்போது தூரத்திலிருந்து உன் அண்ணியின் குரல் கேட்டது: "உஷா, போதும். யாரோ ஒருத்தர்கிட்ட போயி இதெல்லாம் சொல்லிக்கிட்டு. அவரு நல்லவருதான். சத்தம்தான் ஆகாது."

பேச்சை முடிக்க எங்களுக்கு ஒரு வரி உண்டு, சொல்லாமல் வைக்கக் கூடாது. "மேலும் ஏதேனும் உதவி வேண்டுமா அம்மா?" என்று கேட்டேன். "இல்ல அண்ணே, நீங்க ரொம்பப் பொறுமையா பேசுறீங்க. உங்க வீட்டம்மா குடுத்து வச்சவங்க" என்று உஷாராணி ஃபோனை வைத்தார்.

நான் எழுந்து அப்படியே படி இறங்கினேன். காதுக் கருவி கழுத்தில், அதன் வயர் பின்னால் இழுபட, ஷூவோடு மூன்று மாடி. உஷாராணியின் கதவு திறந்திருந்தது. மார்க்கிரட் வாயில் நான்கைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு பட்டுத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தாள் போல, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"யாருக்கும் ஒன்னும் ஆகல. வீட்ல இருந்து எப்படி வேலை செய்றதுன்னு உன்கிட்ட கேக்க வந்தேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மெஷினை உறையால் மூடினாள், பின்பு திரும்பவும் திறந்தாள். "இருவத்திரண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் இதை வேலைன்னு சொல்றீங்க" என்றாள். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உஷாராணியோ பக்கத்தில் நின்று, "அண்ணே, இப்பதான் ஒரு ஃபில்டர்காரர் பேசினாரு, அப்படியே உங்க குரலு" என்றார். நான் போய் அவருடைய குழாயைப் பார்த்தேன். திருகு தளர்ந்திருந்தது, முடுக்கிவிட்டேன். ஒழுகுவது நின்றது. பிறகு மெஷினை நானே தூக்கினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு தடவை, நான்காம் மாடியில் இரண்டு தடவை இறக்கி வைத்தேன். அது எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது.

மேலே வந்தபோது வனேசாவின் அழைப்பு காத்திருந்தது. நாற்பது நிமிடம் வேலையை விட்டுப் போயிருக்கிறேன். இதுதான் மூன்றாவது என்று உட்கார்ந்தேன். "அங்கிள், உங்க கடைசி காலோட ரெக்கார்டிங்கைக் கேட்டேன்" என்றாள். அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை அழுதது. சட்டென்று கதவு சாத்தும் சத்தம். இவளும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மறுபடி லைனுக்கு வந்து, "அந்த ஆன்டி உங்க வைஃபா?" என்றாள். ஆமாம் என்றேன். "நாற்பது நிமிஷம் லைன் கட் ஆச்சுன்னு எழுதிடறேன். ஒரே ஒரு தடவைதான் அங்கிள். இதை வச்சு இன்னொரு தடவை கேக்காதீங்க" என்றாள். நான் அந்தப் பெண்ணுக்காகவும் இப்போது ஜெபிக்கிறேன்.

ஆகவே நீ கேட்ட யோசனைகளை உன் அண்ணி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சாப்பிடுகிற இடத்தில் வேலையை வைக்காதே. வைக்கத்தான் வேண்டும் என்றால் சாப்பாட்டு நேரத்தில் வேலையை மூடி வை. ஆறு மணிக்கு அவள் மெஷினுக்கு உறை போட்டுவிடுவாள், அதன் பிறகு மகாராணியே வந்து கேட்டாலும் ஊசியைத் தொட மாட்டாள். இத்தனை வருஷம் அந்த உறை தூசிக்காகப் போட்டது என்று நான் நினைத்திருந்தேன். யாராவது ஃபோன் செய்து "என்ன செய்யுற?" என்று கேட்டால் தவறியும் "சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லாதே. ஒரு தடவை சொல்லிவிட்டால் சொந்தக்காரர் எல்லாருக்கும் பில் கட்டுவதும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும் உன் வேலையாகிவிடும். "ஆர்டர் இருக்கு" என்று சொல். வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடு. சொன்ன தேதியில் கொடுக்க முடியாத வேலையை வாங்காதே. எல்லாவற்றுக்கும் மேலாக, நீ செய்வது வேலை என்று வீட்டில் இருப்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடு. அவர்களாகத் தெரிந்துகொள்வார்கள் என்று காத்திருந்தால் இருபத்திரண்டு வருஷம் ஆகும்.

இப்போது சாப்பாட்டு மேசை அவளுக்கு. நான் படுக்கை அறையில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், இரண்டு போர்வைகளைத் தொங்கவிட்டு அதற்குள் உட்கார்ந்திருக்கிறேன். நீளமான வயர் இழுத்துவிட்டேன். மெஷினுக்கு அடியில் பழைய கம்பளத்தை மடித்துப் போட்டிருக்கிறோம். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை எனக்கு அழைப்புகள் அதிகம். அந்த நேரத்தில் அவள் கையால் கொக்கி தைக்கிறாள். ஒரு மணிக்கு இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். போர்வைக்குள் வேர்க்கிறது. ஆனால் இரண்டு மாதமாக வார்னிங் இல்லை. கதவில் இருந்த தாளையும் மாற்றிவிட்டேன். அதில் இப்போது அவள் பெயர் மேலே, என் பெயர் கீழே.

நீ மனம் தளராதே. ஃபேக்டரியை மூடிவிட்டார்கள், போகட்டும். உன் கையை யாரும் மூட முடியாது. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் எனக்காகச் சிலுவை அடையாளம் போடு. வேளாங்கண்ணி மாதா உன் வீட்டு வாசலில் நின்று காவல் காக்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அண்ணன் கிரிகரி

பின்குறிப்பு: கடித உறைக்குள் போடுவதற்கு முன்பு இதை உன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். பிறகு, "உங்க தங்கச்சி ஜோசி, ஸ்கூல் டீச்சருங்களுக்கு மதியச் சாப்பாடு செஞ்சு குடுக்க ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சுங்க. இப்ப பதினெட்டு பேரு. இதெல்லாம் நான் அவளுக்கு அப்பவே சொல்லிட்டேன்" என்றாள். அப்படியானால் என்னிடம் ஏன் கேட்டாள் என்றேன். "நான்தான் கேக்கச் சொன்னேன். அண்ணன்கிட்டயும் ஒரு வார்த்தை கேளு, அவரு சந்தோஷப்படுவாருன்னு" என்றாள். எனவே மேலே உள்ள எதையும் நீ படிக்க வேண்டிய அவசியம் இல்லை. படித்துவிட்டிருந்தால், சமையல் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னித்துக்கொள். சந்தோஷமாகத்தான் இருந்தது.