மலையேறிய பெரும்புள்ளி

மழை வந்தால் ஒதுங்கி நிற்பது என்ற கெட்ட பழக்கம் மனித குலத்துக்கு எப்போது தொற்றியது என்று தெரியவில்லை. குகைக் காலத்திலேயே தொற்றியிருக்கலாம். அதை ஒரே சுற்றறிக்கையில் ஒழித்துக்கட்டிய பெருமை எங்கள் கிளை மேலாளரையே சேரும்.

எங்களுடையது விபத்துக் காப்பீட்டு நிறுவனம். படியில் வழுக்குவதில் தொடங்கி பாலத்திலிருந்து விழுவதுவரை எடுத்துச் சொல்லி மக்களைப் பயமுறுத்துவது எங்கள் பிழைப்பு. ஆகவே ஊழியர்களின் 'உடல்நலமும் உத்வேகமும்' பெருக, அடைமழைக் காலத்தில் கடலோரச் சிகரத்தின் உச்சிவரை சேற்றுத் தடத்தில் ஓடுவது என்று முடிவானதில் வியப்பே இல்லை.

முடிவான பிறகு, முடிவெடுப்பதற்கான கூட்டம் நடந்தது. வரவேற்பு மேசை அக்கா கையைத் தூக்கினார்.

"சார், மழை நின்னப்புறம் ஓடலாமே?"

"மழை நின்னப்புறம் ஓடுறதுக்கு நாம என்ன சாதாரண ஆளுங்களாம்மா?"

"ஆமா சார்" என்றார் அக்கா. அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

கலந்துகொள்வது 'முழுக்க முழுக்க அவரவர் விருப்பம்'. விருப்பம் இல்லாதவர்கள் மேலாளர் அறைக்கு வந்து காரணம் சொல்லலாம். எல்லோருக்கும் விருப்பம் இருந்தது. 'மழையும் நம் வாடிக்கையாளரே' என்று அச்சடித்த பனியன் ஒன்றும், ஆளுக்கொரு ஸ்மார்ட் வாட்சும் கொடுத்தார்கள். யார் எங்கே ஓடுகிறார்கள் என்பதைத் தலைமையகத்துத் திரையில் ஒரு புள்ளியாக அது காட்டிவிடும். தற்காலிக ஊழியர்களில் உச்சியைத் தொடுபவருக்கு வேலை நிரந்தரம் என்றும் அறிவிப்பு வந்தது. தற்காலிக ஊழியர் என்று எங்களிடம் இருந்தவர் தபால் பிரிவு அண்ணன் ஒருவர்தான். பல வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்து எங்கள் தபால்களையெல்லாம் ஒட்டியவர்.

அன்று காலை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அடிவாரத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த மேலாளர் என்னைச் சைகையால் அழைத்தார். தன் வாட்சைக் கழற்றி என் வலது கையில் மாட்டினார். என்னுடையது ஏற்கெனவே இடது கையில் இருந்தது.

"ஒரு தலைவன் எப்பவும் தன் ஆளுங்களோடதான் இருக்கணும்ப்பா. உடம்பு எங்க இருந்தா என்ன?" என்றார். "ரொம்ப வேகமா ஓடிடாத. நம்புற மாதிரி ஓடு."

நம்புகிற மாதிரி ஓடினேன். எனக்கு முன்னால் அண்ணன் நம்பமுடியாத மாதிரி ஓடினார். காலில் இருந்தது ஆபீசுக்குப் போடும் அதே தேய்ந்த ஷூதான்.

"அண்ணே, மெதுவா!"

"மெதுவாப் போய்த்தான் இத்தனை வருஷம் ஆச்சு தம்பி. சாயங்காலம் பர்மனென்ட் ஆயிட்டு வரேன்னு வீட்டுல சொல்லிட்டேன்."

உச்சியில் நட்ட கொடி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், பாறையில் கால் வைத்தார். வழுக்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கால் பார்க்கக்கூடாத திசையில் மடங்கிக் கிடந்தது.

"தம்பி, கொடி தெரியுது பாரு. என்னை அங்க கொண்டுபோய் விட்டுடு. ஒரு தொடுதொட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"அண்ணே, மேல ரோடே கிடையாது. கால் உடைஞ்சிருக்கு."

"காலு கட்டுப் போட்டா சரியாயிடும்ப்பா."

எனக்கு வந்த கோபத்தில் அண்ணனைத்தான் திட்டினேன். திட்டுவதற்கு வேறு யாரும் அங்கே இல்லை. முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். வழியெல்லாம் அவர் வலியில் முனகியதைவிடக் கொடியைத் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம்.

அடிவாரத்தில் கார்க் கண்ணாடியைத் தட்டினேன். இரண்டு விரல் அளவு இறங்கியது.

"என்னப்பா, என் புள்ளி கீழ வந்துடுச்சு?" மேலாளர் பதறிப்போனார். அவர் கண் என் வலது மணிக்கட்டைத் தவிர வேறெங்கும் போகவில்லை.

"சார், அண்ணனுக்குக் கால் உடைஞ்சுபோச்சு. கார்ல கொண்டுபோயிடலாம்."

"சீட்டெல்லாம் சேறாயிடுமேப்பா. முதல்ல வாட்சைக் குடு!"

அப்போது அவர் போன் அடித்தது. தலைமையகம். எதிர்முனைக் குரல் மழையையும் மீறிக் கேட்டது: "அசந்துட்டோம் சார்! விழுந்து கிடந்த புள்ளி பக்கத்துல உங்க புள்ளி நின்னுச்சு. அப்புறம் ரெண்டும் ஒண்ணா இறங்குச்சு. கைக்கெட்டின உச்சியை விட்டுட்டு ஒரு ஊழியரைத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே! கூடவே இன்னொரு புள்ளியும் இறங்குச்சே, அது யாரு?"

மேலாளர் ஒரு கணம்தான் திகைத்தார். பெரிய மனிதர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

"மனசு கேக்கல சார்" என்றார் தழுதழுத்து. "அந்த இன்னொரு ஆளு, பயந்துபோய் என் பின்னாலயே இறங்கிட்டான்."

கண்ணாடி ஏறிக்கொண்டது. காய்கறி ஏற்றிவந்த வேன்காரர் ஒருவர் அண்ணனை மூட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

பிறகு நடந்தவை யாவும் நிறுவன விதிகளின்படியே நடந்தன. உச்சியைத் தொடாமல் திரும்பியதால் அண்ணனுக்கு 'மன உறுதி போதாது' என்று கண்டறிந்து, வேலையை விட்டு நிறுத்தினார்கள். நிறுத்தும் உத்தரவில் மேலாளர் கையெழுத்திட்டார். விருப்பப்பட்டு ஓடியவருக்கு நேர்வது விபத்தாகாது என்று எங்கள் இழப்பீட்டுப் பிரிவு விளக்கம் தந்தது. மேலாளருக்கு 'மனிதநேயச் சிகரம்' விருது அறிவிக்கப்பட்டது.

விழா அன்று அண்ணனும் வந்திருந்தார். மேலாளரை எப்படியாவது பார்த்து வேலையைத் திரும்பக் கேட்டுவிட வேண்டும் என்று, கக்கத்தில் கட்டையை ஊன்றி, மேடைக்கு நேர் எதிரே நின்றார். வாசலில் தடுத்தவர்களிடம் சண்டை போட்டு உள்ளே விட்டது வரவேற்பு மேசை அக்காதான்.

தலைமையகத்திலிருந்து வந்த அதிகாரி பொன்னாடை போர்த்திவிட்டுக் கேட்டார்: "நீங்க முதுகுல சுமந்துட்டு வந்தீங்களே, அவர் இங்க இருந்தா மேடைக்குக் கூப்பிடுங்களேன், நாங்களும் பாக்கறோம்!"

மேலாளர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் பார்வை அண்ணன்மேல் விழுந்து, நிற்காமல் நகர்ந்தது.

"ஒருத்தருக்கு உதவி செய்யறப்ப முகம் பாக்கக் கூடாது சார். நான் பாக்கல" என்றார்.

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. நானும் எழுந்து நின்று தட்டினேன். எங்கள் மேலாளர் தன் பதவிக்காலத்தில் பேசிய ஒரே உண்மை அது.