இன்னும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்

ஏலக்காரரின் கண்ணெதிரிலேயே பதினோராம் நம்பர் சீட்டு சாம்பல் நிறத்துக்கு மாறியது.

"எவன்டா அவன்!" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினார்.

அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா நிமிர்ந்தான். அவனை எல்லோரும் ஐடியா என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை சொல்லுவான். அவன் யோசனையால் உருப்பட்டவர் யாரும் இதுவரை வெளியே வந்து சொன்னதில்லை.

"என்ன அண்ணே?"

"பத்தும் பதினொண்ணும் ஜோடி சீட்டு. பேரு, வயசு எல்லாம் அடிச்சு முடிக்கறதுக்குள்ள எவனோ பதினொண்ணைப் பிடிச்சுட்டான்."

திரையின் அடியில் சிவப்பு எழுத்து மினுக்கியது: 'உங்களைத் தவிர இன்னும் ஒருவர் இந்தப் பேருந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.'

ஏலக்காரருக்கு அந்த வரியைப் படித்ததும் உடம்பெல்லாம் சூடேறியது. பழைய மேஜை, நாற்காலி, பீரோக்களை ஏலம் போட்டே தலை நரைத்தவர். எதிராளி என்று ஒருவன் வந்துவிட்டால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அந்தக் குணம்தான் அவர் வீட்டில் நெருப்பை வைத்தது. அவர் மனைவிக்கு அவள் அம்மா கொடுத்த நிலைக்கண்ணாடி ஒன்று உண்டு. அதன் கால் ஆடுகிறது, ஏலக்கூடத்துத் தச்சரிடம் கொடுத்துச் சரிபண்ணி வாங்கி வாருங்கள் என்று அனுப்பியிருந்தாள். தச்சர் காலைச் சரிபண்ணி, ஏலச் சாமான்களின் பக்கத்தில் நிறுத்திவைத்தார். வந்திருந்தவர்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதன் மேல் கண் வைத்தார்கள். இது நம் வீட்டுக் கண்ணாடி என்று ஏலக்காரருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இரண்டு பேர் முட்டி மோதுகிற இடத்தில் அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிந்ததே இல்லை. சுத்தியல் விழுந்த பிறகுதான் வீட்டு நினைப்பு வந்தது.

அன்று சாயங்காலம் அதைவிடப் பெரிய கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்று, "அது என்ன விலைக்குப் போச்சு தெரியுமா?" என்றார். மனைவி திரும்பி உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு 'சாப்பாடு', 'சாவி', 'கேஸ் தீந்துபோச்சு' என்கிற அளவோடு பேச்சு நின்றுவிட்டது. புதுக் கண்ணாடி பிரிக்கப்படாத அட்டையோடு சுவரைப் பார்த்து நின்றது.

ஏலக்காரருக்குப் பயமாக இருந்தது. சண்டை போட்டால் எதிர்த்துச் சண்டை போடலாம். இந்த மௌனத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அவள் குரலை எப்படியாவது திரும்ப வாங்கிவிட வேண்டும்.

சனிக்கிழமை அவர்களுடைய கல்யாண நாள். மலைக்கு அழைத்துப்போங்கள் என்று கல்யாணம் ஆன வருடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருடமும் ஏதோ ஓர் ஏலம் குறுக்கே வந்துவிடும். போன வாரம் சார்ஜில் போட்டிருந்த அவள் போன் தானாக விழித்துக்கொண்டபோது, அதே மலை ஊரின் பெயரும் ஒரு சின்ன அறையின் படமும் தெரிந்தன. ஜன்னலுக்கு வெளியே பனி. உள்ளே ஒற்றைக் கட்டில். இரண்டு பேருக்குக் கட்டில் கொஞ்சம் சின்னதுதான் என்று நினைத்து, இந்த வயதில் வெட்கப்பட்டுக்கொண்டார். ஆக, இன்னும் ஆசை விடவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் கல்யாண நாள் காலையில் மலையில் விடியும். சொல்லாமல் டிக்கெட் எடுத்து அசத்திவிடுவது என்று முடிவு செய்தார்.

அந்த ஊருக்கு ராத்திரியில் ஒரே ஒரு பஸ். அதில் மிச்சம் இருந்தது இந்த ஜோடி சீட்டும், இடதுபக்கம் மூன்று ஒற்றைச் சீட்டும்தான்.

"அண்ணே, நீங்க திரும்பத் திரும்பப் பாக்கறீங்க இல்ல, அந்த சைட் மோப்பம் பிடிச்சுடும்" என்றான் ஐடியா. "மறைவா பாக்கணும். வேற ஜன்னல் ஒண்ணு திறக்கறேன், அதுல வாங்க."

திறந்தான். பழைய ஜன்னலில் பிடித்து வைத்திருந்த பத்தாம் நம்பரும் கையை விட்டுப் போனது. புது ஜன்னலில், 'இன்னும் இருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று வந்தது.

"இன்னொருத்தன் வேற வந்துட்டானா!"

"பதறாதீங்க. அதுல ஒண்ணு நீங்கதான்."

சற்று நேரத்தில் பதினொன்று மறுபடி பச்சையாக மாறியது. எதிராளி பிடித்து வைத்திருந்தானே தவிர, பணம் கட்டவில்லை. ஏலக்காரர் பாய்ந்து இரண்டையும் பிடித்தார். கார்டு நம்பரைத் தட்டினார். போனில் ஓ.டி.பி. வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. முதலில் வந்ததை அடித்தார், தப்பு என்றது. அடுத்ததை அடிப்பதற்குள் மூன்றாவது வந்தது. எது எதற்கு என்று புரியாமல் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அடித்ததில், சீட்டு கைநழுவிப் போனது.

"நீங்க கேட்டது ஒண்ணு, வந்தது மூணா?" ஐடியாவின் முகம் இருண்டது. "அண்ணே, எவனோ உங்க கணக்குல கை வைக்கறான். முதல்ல கார்டை நிறுத்துங்க."

பாங்க்குக்குப் போன் போட்டார். "உங்க நம்பர்ல ரெண்டு கார்டு இருக்கு சார். எதை நிறுத்தணும்?" என்றார்கள். இரண்டாவது மனைவியுடையது. கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தபோது அவளுக்கு எதற்குத் தொல்லை என்று தன் நம்பரையே எழுதிக்கொடுத்திருந்தார். எப்போதாவது மருந்து வாங்க எடுப்பாள், அவ்வளவுதான்.

"ரெண்டையும் நிறுத்துங்க" என்றார், யோசிக்காமல்.

திருடனிடமிருந்து பணம் தப்பித்தது. டிக்கெட் வாங்கத்தான் வழி இல்லாமல் போனது.

வீட்டுக்குப் போன பிறகும் அவர் போனைக் கீழே வைக்கவில்லை. கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டு அந்தப் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறைக் கதவு வழக்கம்போல் சாத்தியிருந்தது. எதிராளி ஓயவில்லை. மூன்றாம் நம்பரைத் தொடுவான். கொஞ்ச நேரம் வைத்திருப்பான். பணம் கட்டாமல் விட்டுவிடுவான். அப்புறம் ஆறாம் நம்பர். அதுவும் அப்படியே.

ஏலக்காரர் ஐடியாவுக்குப் போன் போட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினார். "ஆளு யாருன்னு பிடிச்சுட்டேன். கையில காசு இல்லாத பய. ஆனா போயே ஆகணும்னு வெறி. இப்ப ஒத்தை ஒத்தை சீட்டாவே பாக்கறான்."

"குடும்பம் கிடையாதோ?"

"பொண்டாட்டி விட்டுட்டுப் போயிருப்பா!"

சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

மறுநாளும் உளவு தொடர்ந்தது. காலையில் அவர் குளித்துச் சாப்பிட்டு டிபன் டப்பாவோடு கிளம்புகிற வரை எதிராளி தலைகாட்டவில்லை. அவர் ஏலக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் வந்தான். சரியான சோம்பேறி, மெதுவாக எழுந்திருக்கிறான் என்று தீர்மானித்தார். முகம் தெரியாத ஒருவனைப் பற்றி இத்தனை தெரிந்துகொண்டதில் அவருக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் இருப்பவளின் செருப்பு என்ன நிறம் என்று கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பார்.

"அண்ணே, என் கார்டுல போடுங்க. அடுத்த வாரம் குடுத்தா போதும்" என்று ஐடியா பெரிய மனது பண்ணினான்.

இந்த முறை தடை எதுவும் வரவில்லை. பத்து, பதினொன்று, இரண்டும் கிடைத்தன. ஐடியா கைதட்டினான்.

"முடிஞ்சுது. மூடுங்க, டீ சொல்றேன்."

ஏலக்காரர் மூடவில்லை. சிவப்பு எழுத்து அங்கேயே இருந்தது.

"இன்னும் ஒருத்தன் பாத்துட்டு இருக்கானே."

"இருந்துட்டுப் போறான்! உங்களுக்குத்தான் ரெண்டு சீட்டு கிடைச்சாச்சே?"

"மூணாம் நம்பர் மேல கண்ணு வெச்சிருக்கான் பாரு. அவனுக்கு முன்னாடி நான் எடுக்கறேன்."

"எதுக்கு?"

கண்ணாடியை விற்ற அன்றைக்கும் இதே வேகம்தான். மூன்றாம் நம்பரை ஐடியாவின் பெயரில் வாங்கினார். எதிராளி ஆறுக்குத் தாவினான். அதைத் தச்சர் பெயரில் வாங்கினார். பஸ்ஸில் மிஞ்சியது ஒன்பதாம் நம்பர் ஒன்றுதான்.

"ஒரு தரம்..." ஏலக்காரருக்குத் தன்னை அறியாமலே குரல் உயர்ந்தது. "ரெண்டு தரம்..." ஏலம் ஆரம்பித்துவிட்டதோ என்று தச்சர் உளியோடு எட்டிப் பார்த்தார். ஐடியாவின் அம்மா பெயரில் ஒன்பதும் விழுந்தது. "மூணு தரம்!" சுத்தியலால் மேஜையில் ஓங்கி அடித்தார்.

'இருக்கைகள் இல்லை' என்றது திரை. சிவப்பு எழுத்தையும் காணோம். மண்ணைக் கவ்விவிட்டான். ஏலக்காரருக்கு வாயெல்லாம் பல்.

அந்தச் சந்தோஷம் டீ ஆறுகிற வரைகூட நிற்கவில்லை. ஐடியா போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளிறிப்போய் வந்தான். "அண்ணே, கார்டு மெசேஜ் என் வீட்டுக்காரிக்கும் போகும்ங்கறதை மறந்துட்டேன். மலைக்கு யாரோட போறேன்னு கேக்கறா. எங்க அம்மா பேரு இருக்காம், அவ பேரு இல்லையாம். இன்னிக்கே அந்த மூணு சீட்டையும் ரத்து பண்ணலைன்னா நான் வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாது."

ரத்து செய்யப் போனால், சலுகை விலையில் எடுத்த டிக்கெட்டை பஸ் ஆபீஸுக்குப் போன் செய்துதான் ரத்து செய்ய முடியும் என்றது திரை. ஆபீஸ் நம்பர் சாயங்காலம் வரைக்கும் பிஸியாகவே இருந்தது. ஏலக்காரர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினார்.

மனைவி கதவைத் திறந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"என்ன, வெங்காயமா?"

"ம்."

ஜோடி டிக்கெட் சட்டைப் பையில் இருந்த போனுக்குள் துள்ளியது. அவரால் அடக்க முடியவில்லை. "நாளைக்கு ராத்திரி நீ வீட்லதானே இருப்பே?"

"வேற எங்க போக முடியும் என்னால?" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முழு வாக்கியம் அது. ஏலக்காரர் உருகிப்போனார். சாப்பாட்டு நேரத்தில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும், அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும், கண்ணாடிக்கு மன்னிப்பும் கேட்டுவிட வேண்டும். மலையில் அவளைப் பேசவிட்டு, தான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இத்தனையையும் ஒரே மூச்சில் நினைத்துவிட்டு, ஐடியாவின் தலையைக் காப்பாற்ற பஸ் ஆபீஸுக்குப் போன் போட்டார். இந்தத் தடவை கிடைத்தது. பேசிய பெண்ணுக்கு நல்ல கலகலப்பான குரல்.

"மூணு சீட்டை ரத்து பண்ணணும்மா. மூணு, ஆறு, ஒன்பது. பத்தும் பதினொண்ணும் அப்படியே இருக்கட்டும்."

"அய்யோ, ரத்து பண்ணினா பாதிப் பணம்தான் திரும்பி வரும் சார். ஆனா உங்களுக்கு நல்ல நேரம். சீட்டு காலியானா சொல்லுங்கன்னு சில பேரு சொல்லி வெச்சிருக்காங்க. அவங்க எடுத்துக்கிட்டா உங்களுக்கு முழுப் பணமும் வந்துடும். ரெண்டு சீட்டுக்கு ஆபீஸ் பசங்க இருக்காங்க. இன்னொண்ணுக்கு ஒரு மேடம், பஸ்ல ஏறும்போது ரொக்கமா குடுத்துடறேன்னாங்க. நேத்துலேர்ந்து கேட்டுட்டே இருக்காங்க, பாவம். ஆன்லைன்ல எத்தனை தடவை பிடிச்சாலும் எவனோ நடுவுல பூந்து எடுத்துடறானாம்."

ஏலக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அட, எதிராளி பெண்ணா? அவருக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஜெயித்த சாமானைத் தோற்றவருக்கே கொடுக்கப் போகிறார். மனது லேசானது.

"அவங்களுக்கே குடுத்துடும்மா. நல்லதா ஜன்னல் பக்கமா பாத்துக் குடு."

"ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு! லைன்லயே இருங்க, அவங்களைக் கேட்டுட்டு வந்துடறேன்."

போனில் பாட்டு ஓடியது. ஏலக்காரர் காலாட்டிக்கொண்டு காத்திருந்தார். சமையலறையில் மனைவியின் போன் அடித்தது. "நிஜமாவா?" என்று அவள் கேட்பதும், பிறகு அவள் சிரிப்பதும் கதவைத் தாண்டிக் கேட்டது. கண்ணாடி போன நாளிலிருந்து அவர் கேட்காத சிரிப்பு. யாரோ நல்ல சேதி சொல்லியிருக்கிறார்கள். டிக்கெட்டைக் காட்ட இதைவிட நல்ல நேரம் வராது என்று அவர் எழுந்து நின்றபோது, பாட்டு நின்று அந்தப் பெண் திரும்ப வந்தாள்.

"முடிஞ்சுது சார்! மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கல. அவங்களும் உங்க தெருமுனையிலதான் ஏறுறாங்க, நாளைக்கு உங்களுக்குப் பேச்சுத் துணைக்கு ஆளாச்சு. ஆனா போகும்போது மட்டும்தான் சார், திரும்பி வர்ற டிக்கெட் வேண்டவே வேண்டாம்னுட்டாங்க."