சளி பிடித்த தமிழ்

தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடம், தெலுங்குக்காரர் பிள்ளைகளுக்கென்றே தொடங்கியது. அதில் சேர, வீட்டில் பேசுவது தெலுங்குதான் என்று அரசாங்கம் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் சொன்னால் போதாது. நியாயம்தானே? நாம் என்ன பேசுகிறோம் என்பது நமக்கு எப்படித் தெரியும்?

நூக்கரத்னத்தின் தாத்தா ஸ்ரீகாகுளத்திலிருந்து துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அதோடு குடும்பம் இந்த ஊர்தான். மகள் ஜோஷிதாவுக்கு இங்கே இடம் கிடைத்தால் சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்ப் பிள்ளையை விட்டுவிட்டு வந்துவிடலாம். கிடைக்காவிட்டால், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளையை இழுத்துக்கொண்டு தினமும் பெரம்பூருக்கு பஸ் ஏற வேண்டும். சேர்க்கை இன்றோடு முடிகிறது. பிள்ளைக்குப் பவுடர் அப்பிக்கொண்டு, புருஷன் அப்பலராஜுவின் வண்டியில் ஏறி, தாய்மொழி மெய்ப்பிக்கும் அலுவலகத்துக்குப் போனாள்.

அதிகாரி பக்தவச்சலம் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். காதால் கேட்பதற்குக் கண்ணாடி அவசியம் போலும்.

"எங்க, தெலுங்குல ஏதாச்சும் பேசும்மா."

"மா பாப்ப ஸ்கூலுக்கு போவாலண்டி."

அவர் அதை வாயில் போட்டு மென்று பார்த்தார். "பாப்பா, தமிழ். ஸ்கூலு, தமிழ். போவாலண்டின்னா போவணும். இது தமிழ்தாம்மா. கொஞ்சம் சளி பிடிச்ச தமிழ்."

"இன்னா சார் இப்டி சொல்லிட்ட? எங்க வூட்ல இத்தத்தான் தெலுங்குன்னு பேசிக்கினு கீறோம்!"

"இன்னா, இத்த, கீறோம்... இது தமிழே இல்லியே!"

மேற்படி மனுதாரருக்குத் தெலுங்கு தமிழாக வருகிறது, தமிழோ வரவே இல்லை என்று முடிவானது.

"தாய்மொழின்னா தாய் பேசுனது. உங்கம்மாவக் கூட்டியா."

"அவங்க போய்ச் சேந்துட்டாங்க சார்."

"கடைசியா இன்னா சொன்னாங்க?"

"அய்யோன்னாங்க."

அதிகாரி கண்ணை மூடி ஆழ்ந்து சிந்தித்தார். "அய்யோ ரெண்டு மொழிக்கும் பொது. செல்லாது."

அதற்குள் அவருடைய போன் அடித்தது. "சொல்லு நைனா... மாத்திரை வாங்கிகினு வந்துர்றேன் நைனா."

ரத்னம் துள்ளி எழுந்தாள். "சார்! நைனா எங்க தெலுங்கு! அப்ப நீயும் எங்காளா?"

"ஏம்மா, பரம்பரை பரம்பரையா ராயபுரம். எங்கப்பாவ வேற எப்டிக் கூப்புடுவேன்?" என்றவருக்கு முகம் மலர்ந்தது. "ஆனா நல்ல யோசனை குடுத்த. அப்பாவ எப்டிக் கூப்புட்றோமோ அதான் தாய்மொழி."

"தாய்மொழிக்கு அப்பாவா?"

"தாய் இல்லாத பட்சத்தில் தந்தை."

இவ்வளவு தெளிவாக அரசாங்கம் பேசி அவள் கேட்டதில்லை. அதிகாரி ஜோஷிதா பக்கம் குனிந்து, ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். அங்கே அப்பலராஜு வண்டியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

"பாப்பா, அது யாரு?"

பிள்ளை பெருமையோடு கூவியது: "டாடி!"

பல் முளைக்கும் முன்பே, தெருவே கேட்கட்டும் என்று ரத்னம்தான் சொல்லிச் சொல்லிப் பழக்கியது. முத்திரை விழுந்தது. தாய்மொழி: ஆங்கிலம்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். தலைமையாசிரியை ரேச்சல் நிமிரவே இல்லை. "சாரிம்மா, தெலுங்குப் பிள்ளைங்களுக்கு இடம் முடிஞ்சுபோச்சு."

"இது தெலுங்கு இல்லியாம் மேடம்."

சான்றிதழை வாங்கிப் பார்த்த ரேச்சல் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இங்கிலீஷா? தாய்மொழியேவா?"

"கவர்மெண்டே சொல்லிடுச்சு."

"தெலுங்கு பேசுனா வெளிய நிக்க வெச்சுக்கூட எங்க பசங்களத் திருத்த முடியல. முன்மாதிரிக்கு இப்டி ஒரு பிள்ளைக்காகத்தாம்மா காத்துகினு இருந்தோம்!"

ஜோஷிதா முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பலராஜு வேலை முடிந்து தெருவில் நுழைந்தான். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளோடு ஆடிக்கொண்டிருந்த ஜோஷிதா, அவர்கள் தங்கள் அப்பாக்களைக் கூப்பிடுவது போலவே கத்தினாள்: "நைனா! நைனா!"

ரத்னம் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"டாடி அனவே! சீட்டு போதுந்தே!"

டாடி என்று சொல்லாவிட்டால் சீட்டு போய்விடுமே என்ற பயத்தில் வந்தது, சளி கிளி எதுவும் இல்லாத சுத்தத் தெலுங்கு. முத்திரை குத்தத்தான் ஆளில்லை. அதிகாரி நைனாவுக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தார்.