அக்காவின் கல்யாண உறைக்குள் ஒரு பேய்ப்படம்

என் கல்யாணத்தைக் கெடுத்தது பேய் என்று சொந்தக்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு. பாவம், பேய்மேல் பழி போடக்கூடாது. கெடுத்தது நான்தான்.

எனக்குப் பேய்ப்படம் சேர்க்கும் வியாதி. பாய்ந்து வந்து கழுத்தைக் கடிக்கும் படங்கள் இல்லை. பெயர் தெரியாத யாரோ எடுத்து, யாரும் பார்க்காமல் போன படங்கள். அரைமணி நேரம் ஒரு நடைகூடம், மூடிய கதவு, மழைச் சத்தம். பேய் வரவே வராது. (வந்தால் எனக்குக் கோபம் வரும்.) கண்டியில் வேலை முடிந்து, மலைமேல் ஹுன்னஸ்கிரிய ஊரிலுள்ள வீட்டுக்கு வந்து அதில் ஒன்றைப் போட்டால், இந்த உலகத்தில் நான் மட்டும் தனி இல்லை என்று தோன்றும். பத்துப் பேரிடம்கூட இல்லாத படம் என்னிடம் இருக்கும். அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ளத்தான் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அம்மாவுக்கு அவையெல்லாம் தரித்திரம். கையில் சிக்கினால் குப்பைக்குப் போகும். அதனால் இருப்பதிலேயே அரிய படத்தின் குறுந்தட்டை, அவர் பத்திரமாக வைத்திருந்த அக்காவின் கல்யாண வீடியோ உறைக்குள் ஒளித்துவைத்தேன். அங்கேதான் என் மூளை வேலை செய்தது.

நாவலப்பிட்டியிலிருந்து பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்தார்கள். பெண்ணின் போட்டோ எனக்குப் பிடித்திருந்தது. முப்பத்தாறு வயதில் இதை விட்டால் வேறு இல்லை என்பதும் தெரிந்திருந்தது. வந்தவர்களுக்குக் கல்யாண வீடியோ காட்டுவது எங்கள் வழக்கம். அம்மா அந்த உறையிலிருந்து கைக்கு வந்த குறுந்தட்டைப் போட்டுவிட்டு வடை சுடப் போனார்.

திரை முழுக்கப் பனி. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவர்களுக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்து வீடியோக்காரர்கள் மலையையும் பனியையும் காட்டாமல் எந்தக் கல்யாணத்தைத் தொடங்கியிருக்கிறார்கள்?

"நல்லா எடுத்திருக்காங்க தம்பி" என்றார் பெண்ணின் அப்பா.

எழுந்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் படத்தை என்னோடு உட்கார்ந்து இரண்டு பேர் பார்ப்பது அதுவே முதல் தடவை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இருபதாவது நிமிஷம், தலைவிரிகோலமாக ஒரு கிழவி பின்பக்கமாகவே நடந்து வந்தாள். பெண்ணின் அம்மா மெதுவாகக் கேட்டார்: "இவங்க மாப்பிள்ளை வீட்டு ஆளா?"

"இல்லைங்க அத்தை, இது பேய்ப்படம். இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு. கடைசிவரைக்கும் ஒண்ணுமே நடக்காது. அதுதான் இதுல விசேஷம்!"

வடை வருவதற்குள் அவர்கள் செருப்பைப் போட்டுவிட்டார்கள். மறுநாள் தரகர் சொன்னார்: "தங்கமான பையன்தான். ஆனா பொண்ணை ஒங்ககிட்ட தனியா விட அவங்களுக்குப் பயமா இருக்காம்."

அம்மா இப்போது அக்காவோடு கொழும்பில். இங்கே பனி கொட்டுகிறது என்று செய்தியில் சொன்னால் போதும், அக்கா போனில் கோல் எடுப்பாள்.

"டேய், ஒன் படம் ஓடுதாமே! யாராவது பாக்க வந்திருக்காங்களா?"

பின்னால் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்கும். நானும் சிரிப்பேன். வெயில் மாதங்களில் கோல் வருவதில்லை.