ஒன்று, எட்டு, ஒன்பது, பதினாறு

இங்கிலாந்தில் கவிதை நாடகம் இன்னும் மூச்சு விடுகிறதென்றால், அதற்கு மெல்பரி நகரத்து ஹெஸ்கெட் ரசிகர் கழகமே காரணம். கவிஞர் ஆப்ரி ஹெஸ்கெட்டின் ‘கடற்கரை ராணி’யை, 1912ஆம் ஆண்டின் எல்லாச் செவ்வாய்க்கிழமைகளிலும், வெள்ளரிக்காய் சாண்ட்விச் சாட்சியாகக் கழகம் புகழ்ந்தது.

கழகச் செயலாளர் பின்னாக்கை மட்டும் ஒரு சின்னப் புதிர் குடைந்தது. முப்பத்தேழு ‘ஆய்வுரை’களைத் தொகுத்தபோது, அத்தனை மேற்கோள்களும் 1, 8, 9, 16, 17, 24, 25, 32 ஆகிய பக்கங்களிலிருந்தே வந்திருந்தன. மற்ற பக்கங்கள் என்ன பாவம் செய்தன?

தொகுப்பைப் பார்த்த கவிஞருக்கும் அதே சந்தேகம். உடைந்துபோய் எழுதினார்: ‘யாரும் விரும்பாத பக்கங்களைப் புதிய பதிப்பிலிருந்து நீக்கிவிடுகிறேன். ராணி நஞ்சுக் கிண்ணத்தைக் கவிழ்க்கும் காட்சி, பதினொன்று முதல் பதினான்கு வரை, நான்கு வருட உழைப்பு. போகட்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.’

பின்னாக் அவசரக் கூட்டம் கூட்டினார்.

“பன்னிரண்டாம் பக்கம் எப்படி மேடம்?”

“ஐயோ, அதைக் கேக்காதீங்க!” தலைவி திருமதி பெவிங்டன் கைக்குட்டையை எடுத்தார். “அவ விஷம் குடிச்சுத் துடிக்கிறப்போ எனக்கு நெஞ்சே அடைச்சுடும்.”

“அவ குடிக்கல மேடம். கீழ ஊத்திடுறா.”

“ஊத்திடுறாளா? அப்போ பதினாறாம் பக்கத்துல எதுக்கு எல்லாரும் அப்படி அழுவுறாங்க?”

“அது குறியீடு,” என்றார் பேராசிரியர் க்ரௌச். “பின்னாக், உமக்கு இதெல்லாம் புரியாது. சாண்ட்விச்சை இந்தப் பக்கம் தள்ளும்.”

வீடு திரும்பிய பின்னாக், தாமே பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்துவிடத் தீர்மானித்தார். புத்தகம் திறக்க மறுத்தது. தாள்கள் மேல்பக்கத்திலும் ஓரத்திலும் மடிப்புப் பிரியாமல் இணைந்திருந்தன.

ஒரு பெரிய தாளை எடுத்து மூன்று முறை மடித்தார். எட்டு ஏடுகள், பதினாறு பக்கங்கள். அச்சகம் இப்படித்தான் மடித்துத் தைத்து அனுப்புகிறது. மடிப்பைக் கத்தியால் கீறிப் பிரிப்பது வாசகர் வேலை. கீறாவிட்டால் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் தெரியும். நடுவில் விரித்தால் எட்டும் ஒன்பதும் தெரியும். அடுத்த தாளில் பதினேழு, இருபத்து நான்கு, இருபத்தைந்து, முப்பத்திரண்டு. கீழிருந்து எட்டிப் பார்த்தால் மீதியும் கொஞ்சம் தெரியும். ஆனால் அது கழகத்தின் கௌரவத்துக்குக் குறைவு.

பின்னாக்கின் காது சிவந்தது. முப்பத்தேழு உரைகளில் ஒன்பது அவருடையவை.

கவிஞருக்குத் தந்தி பறந்தது: ‘ஒரு வரியையும் நீக்க வேண்டாம். பதிப்பாளரிடம் சொல்லி, ஓரங்களை அச்சகத்திலேயே வெட்டித் தரச் செய்யுங்கள். அந்தப் பக்கங்களில் குறை ஏதுமில்லை. நான் உட்பட, கழகத்தில் ஒருவரும் உங்கள் புத்தகத்தைப் படிக்கவில்லை.’